பெரட்டில் பேர் சொன்னவள்

பிள்ளைகளே, நீங்கள் நான்கு பேர் புதிதாக இந்த வேலைக்கு எடுக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று என் மகள் வந்து சொன்னாள். நால்வரில் அவளும் ஒருத்தி. அதனால் மற்ற மூவரையும் பிள்ளைகளே என்று கூப்பிட எனக்குப் பாத்தியதை உண்டு என்று நானே வைத்துக்கொண்டேன். நீங்கள் காலேஜ் வரை போனவர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். விஷயத்தில் சந்தேகம் இருந்தால் ஊட்டுக்கே வந்து கேளுங்கள்.

நம் வேலை என்ன என்று ஊரில் கேட்பார்கள். "போலீசுக்கு மேல போலீசா?" என்று சிரிப்பார்கள். என்னையும் சிரித்தார்கள். குழந்தை, சீக்காளி, புத்தி தடுமாறியவர், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத யாரோ ஒருவர் காணாமல் போகிறார். ஸ்டேஷனில் சொல்கிறார்கள். அப்புறம் ஸ்டேஷன் என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்று போலீசைச் சேராத ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். தேடுவது அவர்கள் வேலை. தேடினார்களா என்று பார்ப்பது நம் வேலை. இதில் யாருக்கும் நம்மைப் பிடிக்காது. போலீசுக்குப் பிடிக்காது என்பது தெரிந்ததுதான். புகார் கொடுத்தவருக்கும் பிடிக்காமல் போகும் என்பது போகப்போகத்தான் தெரியும்.

சிலோனிலிருந்து சனங்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்த காலம் அது. மண்டபத்தில் இறங்கி, முகாமில் கிடந்து, அங்கிருந்து லாரியிலும் பஸ்ஸிலும் மலைக்கு வருவார்கள். கூடலூர், தேவாலா பக்கம் காட்டைத் திருத்திப் புதுசாகத் தேயிலை போட்டு, அவர்களுக்கு வேலையும் லயம் என்கிற வரிசை வீடுகளில் குடும்பத்துக்கு ஒரு அறையும் கொடுத்தார்கள். அந்தச் சனங்கள் ஸ்டேஷனுக்குப் போய் ஆளைக் காணோம் என்று சொன்னால், "சிலோனுக்கே திரும்பிப் போயிருக்கும் போ" என்று அனுப்பிவிடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. பேச்சு பெரிசானதும் மூன்று பேர் கொண்ட ஒரு குழு போட்டார்கள். தலைவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ். நான் அப்போது வெலிங்டனில் ஒரு ஸ்டோரில் மூட்டை இறக்கி ஏற்றுகிற கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அலைந்து விசாரிக்க ஒரு ஆள் வேண்டுமென்று என்னைக் கேட்டார்கள். போனேன்.

ஜட்ஜ் ஐயா முதல் நாள் எனக்குச் சொன்னது ஒன்றுதான். "யார் சொல்றதையும் நம்பாதே. நான் சொல்றதையும் சேர்த்துத்தான்."

அதை நான் ரொம்ப நன்றாகப் பிடித்துக்கொண்டேன். சந்தேகப்படுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. அது நல்லதா கெட்டதா என்று இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

தேவாலா பஜாரில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் குழு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. காலையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த இப்ராஹிம் பாய் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"எஸ்டேட்ல பவளக்கொடின்னு ஒரு பொண்ணுங்க. சிலோன்ல இருந்து வந்தவங்க. ஆளைக் காணோமுங்க. ஸ்டேஷன்ல சொன்னேன். ஆள் இருக்குது, நீ போய் யாவாரத்தைப் பாருன்னு அனுப்பிட்டாங்க."

"அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் ஜட்ஜ்.

"உறவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கடைக்கு வரும்."

"கடைக்கு ஊரே வருமே. இது மட்டும் வரலேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

பாய் தொப்பியைக் கழற்றி நாலாக மடித்தார். மறுபடி விரித்துப் போட்டுக்கொண்டார். "அது தெரியுமுங்க" என்றார்.

"அது ஊட்டுக்காரங்க ஏன் புகார் குடுக்கலே?" என்று நான் கேட்டேன்.

"அதை அவங்களைத்தானுங்க கேக்கோணும்."

எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது. கேட்டதற்குப் பாதிதான் பதில் சொல்கிறார். மீதிப் பாதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்கிறார். அப்படி நிற்கிறவரை நான் விடுவதில்லை.

அடுத்து ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். சப்-இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொன்னார். டீ வந்தது. ஸ்டேஷனில் டீ இவ்வளவு சீக்கிரம் வந்தால் எதையோ மூடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். குடித்துக்கொண்டே கேட்டேன். அவர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். கருப்பண்ணன் என்று பேர், கொஞ்சம் வயசான ஆள்.

"நீ போய்ப் பாத்தியா இல்லையா? சாருக்குச் சொல்லு."

"பாத்தனுங்க. காலைல பேரு கூப்பிட்டாங்க. பவளக்கொடின்னாங்க. இருக்கேங்கன்னு குரல் குடுத்துச்சு. கூடையை மாட்டிட்டு எல்லாரோடயும் மேல ஏறிப் போச்சுங்க."

"மொகத்தைப் பாத்தீங்களா?" என்றேன்.

"பொம்பளையாளுக மொகத்தை உத்து உத்துப் பாத்தா என்ன நெனைப்பாங்க? காக்கிச் சட்டை வேற. அதெல்லாம் மரியாதை இல்லீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பேரைக் கூப்பிட்டாங்க, ஆள் வந்துச்சு. இதுக்கு மேல நான் என்னங்க பண்ணோணும்? மாலை போட்டு வரவேத்துட்டு வரோணுமா?" அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "பாய் சம்சாரம் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. அந்தப் பொண்ணு கண்ணாலம் ஆகாதது. கடைக்கு வந்துட்டிருந்தது வர்றதில்லை. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். பாய் மீது ஒரு சந்தேகம், அந்தச் சந்தேகத்தை எனக்கு எடுத்துக் கொடுத்த சப்-இன்ஸ்பெக்டர் மீது இன்னொரு சந்தேகம். இரண்டையும் சுமந்துகொண்டு மறுநாள் விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போனேன்.

காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற இடத்தைச் சிலோன்காரர்கள் பெரட்டு என்பார்கள். அங்கே நின்றுதான் மேஸ்திரி பேர் கூப்பிடுவார். மழைக்கு எல்லாப் பெண்களும் சாக்கை மடித்துத் தலையிலிருந்து தொங்கவிட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் காகிதம் போட்டு, இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணியைக் கட்டியிருந்தார்கள். மூக்கு நுனி தெரிந்தால் பெரிசு. மேஸ்திரி கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பவளக்கொடி என்றார். "இருக்கேங்க" என்று குரல் வந்தது. சிவப்பு மையில் எழுத்துப் போட்ட உரச்சாக்கைத் தலையில் போட்டிருந்த பெண். கூடையை மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு மேலே ஏறிப் போனாள்.

கான்ஸ்டபிள் பார்த்ததை அப்படியே நானும் பார்த்தேன். அதோடு திரும்பியிருந்தால் அவரும் நானும் ஒன்று.

"அந்தப் பொண்ணோட கொஞ்சம் பேசோணுமுங்க" என்றேன் மேஸ்திரியிடம்.

"வேலை நேரம்ங்க. சாயங்காலம் வாங்க."

"சாயங்காலம் இருக்குமா?"

"ஏன் இல்லாம? எங்க போவப்போகுது?"

பதில் ரொம்பச் சுருக்காக வந்தது. நான் போகவில்லை. மழைக்கு ஒதுங்க ஒரே இடம், பிள்ளைக்காம்பரா என்று அவர்கள் சொல்கிற குழந்தைகள் அறைதான். வேலைக்குப் போகிற தாய்மார் அங்கே பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். நடுவில் ஒரு தடவை பால் கொடுக்க இறங்கி வர விடுவார்கள். அது அங்கே உள்ள வழக்கம். நான் அதன் கூரை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒரு பிள்ளை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

பால் கொடுக்கிற நேரத்துக்குப் பெண்கள் இறங்கி வந்தார்கள். அதில் சிவப்பு எழுத்துச் சாக்கும் வந்தது.

பிள்ளை பார்க்கிற ஆயா வாசலுக்கு வந்து சத்தம் போட்டார். "ஏ சின்னப்பொண்ணு, வெரசா வா புள்ள. ஓம் மவன் கூரையைப் பிரிச்சிருவான் போல இருக்கு."

சிவப்பு எழுத்துச் சாக்கு ஓடி உள்ளே போனது. அழுகை நின்றது. நான் ஆயாவைக் கேட்டேன். "அது யாருங்கம்மா?"

"வேலாயுதம் பொஞ்சாதி."

"பவளக்கொடி?"

ஆயா முகம் கதவு சாத்தின மாதிரி ஆகிவிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பிள்ளைகளைப் பாக்குறதுதான் என் வேலை."

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"பவளக்கொடி எங்கம்மா?" என்றேன்.

"நாந்தாங்க பவளக்கொடி."

"பிள்ளை?"

"எங்க அண்ணி பிள்ளைங்க."

"அண்ணி பேரு?"

"சின்னப்பொண்ணுங்க."

"ஆயா உன்னையத்தானே சின்னப்பொண்ணுன்னு கூப்பிட்டாங்க."

அவள் பிள்ளையைத் தட்டுவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. பிள்ளையை ஆயா கையில் கொடுத்துவிட்டு, சாக்கைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் மனசு போன போக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். வீட்டில் ஒரு பெண்ணைக் காணோம். அவள் அண்ணன் வேலாயுதம் புகார் கொடுக்கவில்லை. அண்ணன் பெண்டாட்டி அவள் பேரைச் சொல்லிக்கொண்டு தினமும் வேலைக்கு வருகிறாள். மேஸ்திரிக்கு இது தெரியாமல் இருக்காது. எஸ்டேட்டே சேர்ந்து மறைக்கிறது. எதை மறைக்கும்? இறங்கி வருகிற வழியில் புதுக் கன்று நடுவதற்கு வரிசையாகக் குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குழியையும் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜட்ஜ் ஐயாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "ஸ்டேஷன்ல சொல்லிடலாமுங்களா?"

"சொன்னா என்ன நடக்கும்?"

"அண்ணனைப் புடிச்சுட்டுப் போவாங்க."

"புடிச்சுட்டுப் போய்?"

ஸ்டேஷனில் அடி விழும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவரே சொன்னார். "அவன் ஒத்துக்குவான். செஞ்சிருந்தாலும் ஒத்துக்குவான், செய்யலேன்னாலும் ஒத்துக்குவான். ஒத்துக்கிட்ட பிறகு அந்தப் பொண்ணை யார் தேடப் போறா?"

"அவனே செஞ்சிருந்தா? நாம பேசிட்டிருக்கற நேரத்துல ஓடிட்டான்னா?"

"அதுவும் நடக்கலாம். நீ நேர்ல பார்த்தவன். நீ சொல்லு."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் சன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. படித்தவர், ஜட்ஜாக இருந்தவர், என் தலையில் கட்டுகிறாரே என்று. ஆனால் கோபத்தோடு யோசித்ததில் ஒன்று தோன்றியது. இந்த விஷயத்தில் எல்லாரும் அவள் இருக்கிறாள் என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டேஷன் சொல்கிறது, மேஸ்திரி சொல்கிறார், அண்ணி சொல்கிறாள். இல்லை என்று சொன்னவர் ஒரே ஒருத்தர். என்ன மறைத்தாலும், அவளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டு மழையில் நடந்து வந்தவர் அவர் மட்டும்தான். "ஸ்டேஷனுக்கு முன்னால பாயைப் பாத்துட்டு வந்துடறேனுங்க" என்றேன்.

கடையில் ஆள் இல்லை. நான் சுற்றி வளைக்கவில்லை. "பாய், போலீசுக்கு உங்க மேல சந்தேகம். எனக்கும்தான்."

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து மூடியைத் திறந்தார். உள்ளே மாத்திரை அட்டைகள். எல்லாம் காலி.

"வலிப்பு மாத்திரைங்க. அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசுலிருந்தே இருக்குது. இதை முழுங்கினா ஒண்ணும் வராது. நல்லா வேலை செய்யும், நல்லாப் பேசும். நிறுத்தினா வந்துரும். வந்து எந்திரிச்சா கொஞ்ச நேரத்துக்கு எங்க போறோம்னு தெரியாம நடக்கும்."

"மாத்திரை உங்ககிட்ட ஏன் இருக்குது?"

"லயத்துல வெச்சா தெரிஞ்சுருமுங்க. ஒரு காம்பராவுக்கு ரெண்டு பேர் வேலைக்கு வரோணும். அங்க அண்ணன் ஒண்ணு, இது ஒண்ணு. வலிப்புன்னு தெரிஞ்சா பேரை எடுத்துருவாங்க. பேரை எடுத்தா காம்பராவைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. முகாம்ல அந்தக் காம்பராவுக்கு எத்தனை பேர் காத்துட்டிருக்காங்க. அதனால தினமும் இங்க வந்து முழுங்கிட்டுப் போகும்."

"ஜட்ஜ் ஐயா கேட்டாரே, அங்க ஏன் சொல்லலே?"

"சொல்ல மாட்டேன்னு அதுகிட்டச் சொல்லியிருந்தனுங்க." அவர் மூடியைப் போட்டார். போட்டது சரியாக உட்காரவில்லை. "கூடலூருக்குச் சரக்கு எடுக்கப் போறப்ப நாந்தான் ஆஸ்பத்திரில மாத்திரை வாங்கிட்டு வருவேன். இந்தத் தடவை எம் பொண்ணு நிக்காஹ். போக முடியலே. நீயே போயிட்டு வந்துரும்மான்னு பஸ் ஏத்தி உட்டது நானுங்க."

 எனக்குப் பாயின் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பஸ் ஏற்றிவிட்டதாக அவர்தானே சொல்கிறார். கூடலூர் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கூடலூர் பஸ் நிலையத்தில் கேட்டேன். பூக்காரம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. "ஆமாங்க, கீழ உழுந்து இழுத்துச்சு. இரும்புச் சாவியைக் கையில குடுத்தோம். எந்திரிச்சுது. உக்காரச் சொல்றதுக்குள்ள மைசூர் பஸ்ல ஏறிருச்சு." அந்த பஸ் கண்டக்டர் டிக்கெட் எடுக்காத பெண்ணைத் தெப்பக்காட்டில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். காட்டில் இறக்கவில்லை, ஆள் இருக்கிற இடத்தில்தான் இறக்கினேன் என்று இரண்டு தடவை சொன்னார்.

தெப்பக்காட்டு யானை முகாமில் ஒரு வாட்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கும் சந்தேகம். "நீங்க யாரு? இத்தனை நாள் கழிச்சு வர்றீங்க?"

சொன்னேன்.

"மாவுத்தன் ஊட்டுலதான் படுத்துட்டிருந்துச்சு. களி குடுத்தாங்க, துணி குடுத்தாங்க. நாலு தடவை இழுத்துச்சுங்க. எந்த ஊருன்னு கேட்டா ஏதோ சிலோன் எஸ்டேட் பேரைச் சொல்லும். நாங்க போலீசுக்குச் சொன்னோம். அவங்களும் சுத்துப்பட்டு ஸ்டேஷன் எல்லாத்துக்கும் கேட்டாங்க. எங்கயும் யாரும் காணாமப் போகலேன்னு பதில் வந்துருச்சு." அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். "யாருக்குமே காணாமப் போகாத பொண்ணுங்க அது. என்ன பண்றது? ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள், பிள்ளைகளே. பெரட்டில் ஒரு பெண் "இருக்கேங்க" என்றாள். அவள் இருக்கிறாள் என்று கான்ஸ்டபிள் ஸ்டேஷனில் சொன்னார். ஸ்டேஷன் அதை வைத்து எங்கள் எல்லையில் யாரும் காணாமல் போகவில்லை என்று பதில் அனுப்பியது. உயிரோடு கிடைத்த ஒருத்தியை யாருமில்லாதவள் ஆக்க அந்தப் பதில் போதுமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மருந்து கொடுத்துக் கொஞ்சம் தெளிந்திருந்தாள். பவளக்கொடியா என்றேன். தலையாட்டினாள். எந்த ஊர் என்றேன். சிலோன் எஸ்டேட் பேரைச் சொன்னாள். இப்ராஹிம் பாயைத் தெரியுமா என்று கேட்டதும் என் பக்கம் திரும்பினாள். "மாத்திரை இன்னும் வாங்கலைன்னு பாய்கிட்டச் சொல்லிருங்க. கியூவுல ஆளு நிக்குது."

நர்சம்மா என்னை வெளியே கூட்டி வந்தார். "கேக்க ஆளில்லாத கேசுன்னு மெட்ராசுக்கு அனுப்ப எழுதியாச்சு. வண்டி வந்தா அனுப்பிருவோம். ரத்த சொந்தம் யாராச்சும், காணாமப் போன ஆள்தான்னு ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வரட்டும். குடுத்துடறோம். உங்ககிட்டக் குடுக்க முடியாது." அந்த அம்மா சொன்னது சரி. எனக்கே என்னிடம் கொடுத்திருக்க மனசு வராது.

மெட்ராசில் புத்தி பேதலித்தவர்களை வைக்கிற இடத்துக்கு ஒரு தடவை போய்விட்டால், பேர் ஊர் சரியாகச் சொல்லாத ஒரு சிலோன் பெண்ணை அப்புறம் யார் திருப்பிக் கூட்டி வருவார்கள்?

லயத்துக்குப் போனேன். வேலாயுதம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். சின்னப்பொண்ணு பிள்ளையோடு அவன் பின்னால். ஊட்டியில் இருக்கிறாள் என்றேன்.

"உசுரோடயா?"

"உசுரோடதான்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "லீவு நாள்ல எல்லாம் தேடினேங்க. கூடலூர் வரைக்கும் போயித் தேடினேன். யாருகிட்டக் கேக்குறது? கேட்டா ஏன்னு கேப்பாங்க."

ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். சின்னப்பொண்ணுதான் பேசினாள். "எழுதிக் குடுத்தா நான் பேர் சொன்னது தெரிஞ்சுரும்ல?"

"தெரியும்."

"காம்பராவைக் கேப்பாங்கள்ல?"

"கேக்கலாம்."

"கேக்காமப் பாத்துக்குறேன்னு நீங்க சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா அது பொய்யாப் போயிரும்மா."

சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வேலை முடிந்திருக்கும். ஆனால் நம் கையில் இல்லாததை வாக்காகக் கொடுக்க நமக்குப் பாத்தியதை இல்லை. நீங்களும் கொடுக்காதீர்கள். வேலாயுதம் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அங்க இருந்து போன்னாங்க, வந்தோம். இங்க இருந்தும் போன்னா எங்கங்க போறது?"  காலையில் வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். அவன் இரவோடு இரவாக எங்காவது போய்விடுவானோ என்று ஒரு சந்தேகம் கூடவே வந்தது. அது என் தொழில் வியாதி.

காலையில் பெரட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. சின்னப்பொண்ணு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, படங்கு கட்டாமல், ஓரமாக நின்றாள். மேஸ்திரி பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பவளக்கொடி என்றார். சத்தம் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

வேலாயுதம் முன்னால் வந்தான். "எந் தங்கச்சி இல்லீங்க. காணாமப் போயி ஊட்டி ஆஸ்பத்திரில கெடக்கு. இத்தனை நாளும் பேர் சொன்னது எம் பொஞ்சாதி."

"யோவ், மெதுவாச் சொல்லுய்யா" என்றார் மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆபீசுக்கே கேக்கும்."

"கேக்கட்டுங்க."

அங்கிருந்து நேராக ஸ்டேஷன். ஜட்ஜ் ஐயாவும் வந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் குதித்தார். "போலீசையே ஏமாத்திருக்கீங்க. பொய்ப் பேர் சொன்னதுக்கு உங்க ரெண்டு பேரையும் உள்ள வெப்பேன்."

ஜட்ஜ் சாவகாசமாகச் சொன்னார். "அவங்க சொன்ன பொய் எஸ்டேட்டுக்கு. யாரும் காணாமப் போகலேன்னு பதில் அனுப்பினது நீங்க. முதல்ல புகாரை எழுதிக்குங்க. அப்புறம் யாரை உள்ள வெக்கலாம்னு உக்காந்து பேசலாம்." சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கிற வரையில் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அறை என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் மேனேஜர் காலி செய்யத்தான் சொன்னார். ஆனால் அந்த லயத்தில் ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் வேலைக்கு வராத வீடு ரொம்பக் கொஞ்சம். காய்ச்சலில் படுத்தாலும், பிள்ளை பெற்றாலும், வீட்டில் வேறொருவர் போய்ப் பேர் சொல்லிவிடுவார். "இந்தக் கதவைச் சாத்தினா எல்லாக் கதவையும் சாத்தோணுமுங்க தொரை. அப்புறம் கொழுந்தை நீங்களும் நானுந்தான் கிள்ளோணும்" என்று மேஸ்திரி சொன்னாராம். மேனேஜர் பவளக்கொடி பேரை எடுத்துவிட்டார். சின்னப்பொண்ணைத் தற்காலிகம் என்று சேர்த்துக்கொண்டார். அறை தங்கியது. நல்ல வேலைக்காரி ஒருத்தி வலிப்பு இருக்கிறதென்று வேலையை இழந்தாள். எங்கள் அறிக்கையில் அதையும் எழுதினோம். அதற்கு எந்தப் பதிலும் வரவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் கை நீட்டிக் காசு வாங்கியிருப்பார் என்று கடைசி வரை துருவினேன். இல்லை. ஒரு பதில் கிடைத்தது, அதோடு கேள்வியை விட்டுவிட்டார். அவ்வளவுதான். இது தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. நீங்கள் எல்லாரையும் சந்தேகப்படுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒருத்தர் மறைக்கிறார் என்று தெரிந்ததும் நின்றுவிடாதீர்கள். யாருக்காக மறைக்கிறார் என்பது வரை போங்கள். அங்கே பாய் அவளுக்காக மறைத்தார், அவள் அண்ணனுக்காக மறைத்தாள், அண்ணனும் அண்ணியும் அறைக்காக மறைத்தார்கள். இத்தனை பேர் மறைத்ததில், காணாமல் போனவள்தான் கண்ணில் படாமல் போனாள்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். அண்ணன், அண்ணி, நான். ஆளை அடையாளம் பார்த்து வர ஸ்டேஷனிலிருந்து கருப்பண்ணனை அனுப்பியிருந்தார்கள். வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. பவளக்கொடி அதே கட்டிலில் இருந்தாள், இப்போது வாசலைப் பார்த்து. அண்ணனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். 

"எம் பேருக்கு யாரு போனா?" என்றாள் அவள்.

"நாந்தான் போனேன்" என்றாள் சின்னப்பொண்ணு.

"நீயா? கொழுந்தோட காம்பையும் சேத்துல்ல பறிப்ப. எம் பேரு கெட்டுச்சு போ."

சின்னப்பொண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு அழுதாள். நர்சம்மா கையெழுத்து வாங்க அண்ணனைக் கூப்பிட்டார்.

கருப்பண்ணன் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நெளிந்தாள். புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். அவர் பார்வையை எடுக்கவில்லை.

"என்னாங்க ஐயா, அப்புடிப் பாக்குறீங்க?"

"போன தடவை பாக்காம உட்டுட்டேன்மா" என்றார் அவர்.